வெலிங்டனுக்கு விபூதி பூசிய வெள்ளிக்கிழமை

இடது கையில் விபூதியும் சந்தனமும் வைத்த தட்டு. காலுக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்த முக்காலி. எனக்கு முன்னால், கண்ணாடிச் சட்டத்துக்குள், நீண்ட மூக்கும் உயர்ந்த காலருமாக ஒரு வெள்ளைக்காரத் தளபதி. எனக்குப் பின்னால், முடிவெட்டும் நாற்காலியில், முகமெல்லாம் சவர்க்கார நுரையோடு ஒரு ஜப்பானிய ஆபீசர். அவன் மடியில் உறையோடு வாள்.

நான் வலது கை மூன்று விரல்களால் அந்த வெள்ளைக்காரன் நெற்றியில் பட்டையாக விபூதி பூசினேன். போதாது என்று தோன்றியது. கன்னத்திலும் பூசினேன்.

உலகத்தில் வெலிங்டன் பிரபுவுக்கு விபூதி பூசிவிட்ட பெண்பிள்ளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இத்தனை வாரமாக இந்தத் தொடரில் என்னென்னவோ எழுதிவிட்டு இதை எழுதாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. போன வாரம் என் கல்யாணக் கதையைப் படித்த செமாபோக் ஊர் வாசகி ஒருவர், “மாப்பிள்ளை என்ன தொழில் என்று சொல்லவே இல்லையே அம்மா” என்று குறும்பாகக் கேட்டு எழுதியிருந்தார். சொல்கிறேன், கேளுங்கள். என் வீட்டுக்காரர் முடிவெட்டுகிறவர். மலாக்கா டவுன் காஜா பெராங்கில் கடை வைத்திருந்தார். அவரைப் போல் உலகச் சரித்திரம் தெரிந்த முடிவெட்டுகிறவர் அந்த மலாக்காவிலேயே கிடையாது.

அந்த வெள்ளிக்கிழமை அவரைக் காப்பாற்றத்தான் நான் முக்காலியில் ஏறினேன். ஜப்பான்காரன் ஆட்சி. சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ரப்பர்த் தோட்டங்களில் பிடித்தது போதாமல் டவுனுக்குள்ளும் லோரி வர ஆரம்பித்திருந்தது. ஜப்பான்காரனுக்கு வேலை செய்கிறவன் என்று முத்திரை குத்திய துணிப்பட்டை ஒன்று கையில் கட்டியிருந்தால் விட்டுவிடுவார்கள். என் வீட்டுக்காரருக்கு அந்தப் பட்டை இல்லை. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட முடியவில்லை.

கேலண்டரில் வந்த பன்னிரண்டு பேர்

கடை என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தகரக் கூரை, பலகைச் சுவர், ஒரு பெரிய கண்ணாடி, இரண்டு நாற்காலி. நடுவில் ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் என் அடுப்பு. கடைக்கு வருகிறவர்கள் பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும். நான் தாளிப்பது அவர்களுக்குத் தும்மலாக வரும்.

பக்கத்து வீட்டில் தங்கம் பீபிக். மலாக்காச் செட்டி வம்சத்து அம்மாள், அந்த வம்சத்துப் பெரியம்மாக்களைப் பீபிக் என்றுதான் கூப்பிடுவோம். நெற்றியில் திருநீறு, உடம்பில் சாரோங்கும் கெபாயாவும். பெயர் தமிழ், சாமி தமிழ், பேச்சு மட்டும் மலாய். மாரியம்மனிடம்கூட மலாயில்தான் வேண்டிக்கொள்வார். மாரியம்மனுக்குப் புரிந்தது என்றுதான் நினைக்கிறேன், அவர் கேட்டதெல்லாம் கிடைத்துக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்கு மேலே சுவர் நீளத்துக்குப் பன்னிரண்டு படங்கள். சண்டைக்கு முந்தி ஏதோ ஒரு பிஸ்கட் கம்பெனி போட்ட கேலண்டர். மாதத்துக்கு ஒரு மாவீரன். வருஷம் முடிந்ததும் அதைத் தூக்கிப்போட மனமில்லாமல், என் வீட்டுக்காரர் ஒவ்வொரு தாளாகக் கிழித்துச் சட்டம் போடக் கொடுத்தார். சட்டம் போட்ட மகராசன், அளவு சரியாக வரவில்லை என்று அடியில் இருந்த பெயர்களையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டான். யார் யார் என்பது அப்புறம் என் வீட்டுக்காரர் மனதில் மட்டும்தான் இருந்தது.

அலெக்சாந்தர், சீசர், ஹன்னிபால், செங்கிஸ்கான், தைமூர், நெப்போலியன், அந்த நெப்போலியனைக் கடைசியில் தோற்கடித்த இங்கிலீஷ்காரர் வெலிங்டன். மற்றவர்கள் பெயர் எனக்கு மறந்துபோய்விட்டது. மன்னிக்கட்டும்.

எங்கள் பக்கத்துக் கடைகளில் சுவரில் எந்தப் படம் ஏறினாலும் அது சாமி படம் மாதிரிதான். வெள்ளிக்கிழமை வந்தால் முருகனுக்கும் லட்சுமிக்கும் வைக்கிற சந்தனப் பொட்டும் குங்குமமும் அந்தப் பன்னிருவருக்கும் உண்டு. கல்யாணமாகி வந்த முதல் வெள்ளிக்கிழமை, “இவங்க எல்லாம் யாருங்க, சாமிங்களா?” என்று கேட்டேன். “சாமி இல்ல. ஆனா சும்மா விடவும் முடியாது. வச்சு விடு, புள்ள” என்றார். செங்கிஸ்கான் ஒரு வருஷத்துக்கு மேல் என் கையால் பொட்டு வைத்துக்கொண்டார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

முடியில் தெரியும் வீரம்

பக்கத்துத் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதிய கிராணி ஒருவர் மாதம் ஒரு முறை முடிவெட்ட வருவார். தலையில் பாதி வழுக்கை. மீதியை வெட்டப் பத்து நிமிஷம் போதும். ஆனால் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு படத்தின் கதையையும் சொல்லுவார். அவர் இங்கிலீஷ் புத்தகத்தில் படித்தது பாதி, அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் சேர்த்தது பாதி.

மற்றவர்கள் வெற்றியைப் பற்றிப் பேசுவார்கள். என் வீட்டுக்காரர் முடியைப் பற்றித்தான் பேசுவார்.

“அலெக்சாந்தர் ஏன் ஜெயிச்சாரு தெரியுமா? சண்டையில எதிராளி தாடியப் புடிச்சு இழுத்துருவான்னு, படையில அத்தன பேரையும் தாடி எடுக்கச் சொல்லிட்டாரு. அவ்வளவு பேருக்கும் எத்தன கத்தி தேவைப்பட்டிருக்கும், யோசிச்சுப் பாரு. நம்ம தொழில அவ்வளவு மதிச்ச ராஜா வேற யாரு?”

சீசருக்கு வழுக்கை. பின்னால் இருக்கிற முடியை முன்னால் இழுத்துச் சீவி மறைப்பாராம். அதுவும் போதாமல் தலையில் இலைக் கிரீடம் வைத்துக்கொண்டாராம். ஹன்னிபால் தன்னைக் கொல்ல வருகிறவர்களை ஏமாற்ற நாளுக்கொரு பொய்முடி வைத்துக்கொள்வாராம். “பொய்முடிக்காரன் யானையக் கூட்டிக்கிட்டுப் பனிமலையத் தாண்டியிருக்கான், நீ பாசார் வரைக்கும் நடக்க அலுத்துக்கிறியே” என்று என்னைத் திட்டுவதற்கும் ஹன்னிபால் பயன்பட்டார். நெப்போலியன் சின்ன வயதில் நீளமாக முடி விட்டிருந்தாராம். பிறகு ஒட்ட வெட்டிக்கொண்டார். அவருடைய சிப்பாய்கள் ஆசையாக அவரைக் குட்டி மொட்டை என்றுதான் கூப்பிடுவார்களாம்.

நான் கேட்பேன்: “இத்தன பேரும் இத்தன பேர வெட்டிச் சாய்ச்சிருக்காங்க. இவனுங்கள எதுக்குங்க கொண்டாடணும்?”

“வெட்டினதக் கொண்டாடல, புள்ள. வெட்டிக்கிட்டதப் பேசுறேன்” என்பார். கடையில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிடும். அந்த மனிதரிடம் கோபப்பட்டு முழுசாக ஒரு நாள் இருக்க என்னால் முடிந்ததில்லை.

அவருக்கு ஒரே ஒரு குறை. கேலண்டரில் ராஜேந்திர சோழன் இல்லை. கடல் தாண்டி வந்து கடாரத்தைக் கொண்டவருக்கு ஒரு மாதம்கூடக் கொடுக்கவில்லையே என்று பிஸ்கட் கம்பெனி மேல் தீராத ஆத்திரம். கடைப் பலகை எழுதுகிற ஒருவரைப் பிடித்து ராஜேந்திரரை வரையச் சொன்னார். அந்த ஆள் ராஜேந்திரரை எங்கே பார்த்தார்? எதிரே யார் நின்றாரோ அவரைப் பார்த்து வரைந்துவிட்டார். கிரீடம், குண்டலம், கையில் வாள், முகம் மட்டும் என் வீட்டுக்காரர். மீசையின் இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கும், அதுவும் அப்படியே வந்திருந்தது. அதைப் பதின்மூன்றாவதாக மாட்டிவிட்டு ஒரு வாரம் பெருமை தாங்காமல் நடந்தார்.

கையை மறைத்தவன்

ஜப்பான்காரன் வந்தான். கடிகாரத்தை எல்லாம் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைக்கச் சொன்னான். சூரியன் வருவதற்கு முன்பே காலை வந்துவிடும். சாமிக்கு எந்த நேரத்தில் விளக்கேற்றுவது என்று எனக்கும் பீபிக்குக்கும் தினம் வாக்குவாதம். எங்கே சிப்பாய் நின்றாலும் இடுப்பு வரை குனிய வேண்டும். மறந்தால் கன்னத்தில் விழும். ஊரே குனிந்து குனிந்து நடந்தது.

கடையில் இருந்த இங்கிலீஷ் ராஜா படத்தை என் வீட்டுக்காரர் முதல் நாளே அடுப்பில் போட்டுவிட்டார். வெலிங்டனை மட்டும் போட மனம் வரவில்லை. “பன்னெண்டுல ஒண்ணு கொறஞ்சா செட்டு போச்சே” என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். டவுனில் ஒரு கடையில் இங்கிலீஷ்காரன் படம் இருந்ததென்று கடைக்காரரை அடித்து இழுத்துக்கொண்டு போனார்கள் என்று கேள்விப்பட்டதும் பயம் வந்தது. “ஏதாச்சும்னா நெப்போலியனுக்குப் பக்கத்துல இருக்கிறத மட்டும் எறக்கிடு. அவருதான் இங்கிலீஷ்காரரு” என்றார்.

நான் தலையாட்டினேன். பொங்கலுக்குச் சுவரைச் சுத்தம் பண்ணும்போது நான் அத்தனை படத்தையும் இறக்கித் துடைத்துக் கண்டபடி மாட்டியிருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. அவருக்கு முகம் பார்த்தே ஆள் தெரியும். எனக்கு இடம் பார்த்துத்தான் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை காலை. அவர் பின்னால் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். நான் படச் சட்டங்களை எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுச் சந்தனம் அரைத்து முடித்தேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பீபிக்கின் குரல் வந்தது.

“சரசு! ஜெப்புன் டாத்தாங்! டாத்தாங்!” ஜப்பான்காரன் வருகிறானாம்.

தெருவில் பூட்ஸ் சத்தம். நான் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். யார் நெப்போலியன், யார் வெலிங்டன்? இரண்டு பேருக்கும் வெள்ளைக் கால்சட்டை, இரண்டு பேருக்கும் பொத்தான் வைத்த கோட்டு. ஒருவர் மட்டும் ஒரு கையைச் சட்டைக்குள் விட்டு மறைத்துக்கொண்டு நின்றார். கையை மறைக்கிறவன் நல்லவனாக இருக்க மாட்டான், இவன்தான் இங்கிலீஷ்காரன் என்று தீர்மானம் பண்ணினேன். சட்டத்தைக் கழற்றி, மூலையில் இருந்த முடி மூட்டைக்குள் திணித்தேன். கீரைப் பாத்திக்கு உரம் போடக் கடையில் விழும் முடியை ஒரு சாக்கில் சேர்த்து வைப்போம். மூன்று மாத முடி அதில் இருந்தது.

என் வீட்டுக்காரர் ஈரத் தலையோடு ஓடி வந்தார். “எறக்கிட்டியா?”

“எறக்கிட்டேங்க. சாக்குல இருக்கு.”

அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஆபீசர் உள்ளே வந்துவிட்டான். இரண்டு பேரும் இடுப்பு வரை குனிந்தோம். கூடவே மொழிபெயர்க்க, தலைமுறை தலைமுறையாக இங்கேயே மலாய் பேசி வாழும் பாபாச் சீனர் ஒருவர், கண்ணாடி போட்டவர். அவர் கையில் ஒரு பட்டியல். “இந்தத் தெருவில் வேலைப் பட்டை இல்லாத ஆம்பிளைகளை எழுத வந்திருக்கிறோம். அதற்கு முன்னால் துவானுக்குச் சவரம் பண்ண வேண்டும்” என்று மலாயில் சொன்னார். துவான் என்றால் ஐயா.

சந்தனக் கிண்ணம்

நான் திரைக்குப் பின்னால் போய் நின்று எட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் நுரை பூசினார், கத்தியைத் தீட்டினார், சுவரைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்தார். கண்ணை மேலே காட்டினார். மறுபடி என்னைப் பார்த்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. அங்கே மாட்டியிருப்பவர்தான் வெலிங்டன். சாக்கில் கிடப்பவர் நெப்போலியன்.

எடுக்க முடியாது. ஆபீசர் கண்ணாடிக்கு நேரே உட்கார்ந்திருக்கிறான், கண்ணாடிக்கு மேலே படங்கள். ஆனால் கையில் அரைத்த சந்தனம் இருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. பூசை பண்ணுவதற்கு யார் உத்தரவு வேண்டும்?

தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து குனிந்துவிட்டு முக்காலியில் ஏறினேன். சந்தேகம் வரக் கூடாதென்று வரிசையாக எல்லாருக்கும் ஒரு பொட்டு வைத்தேன். அலெக்சாந்தருக்கு ஒன்று, சீசருக்கு ஒன்று. வெலிங்டனிடம் வந்ததும் மூன்று விரல். நெற்றி, கன்னம், கழுத்து. மேலே சந்தனம். கண் இருந்த இடத்தில் இரண்டு பெரிய குங்குமம். பக்கத்தில் இருந்த முருகனிடம் மன்னிப்புக் கேட்டு அவருடைய மாலையைக் கழற்றி இவருக்குப் போட்டேன். கோட்டும் பொத்தானும் மறைந்தன. எவ்வளவு பண்ணியும் மூக்கை மட்டும் மறைக்க முடியவில்லை. அது மாலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

ஊதுவத்தி ஏற்றினேன். ஆபீசர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். பாபா மேலே பார்த்தார். அவர் இங்கிலீஷ் பள்ளியில் படித்தவராக இருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்புறம் தரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஆபீசர் ஏதோ சொன்னான். “இவர்களெல்லாம் யார் என்று துவான் கேட்கிறார்” என்றார் பாபா.

கேட்க வேண்டுமா? கத்தி கன்னத்தில் இறங்க இறங்க, என் வீட்டுக்காரர் தமக்குத் தெரிந்த மலாயில் அலெக்சாந்தரில் ஆரம்பித்தார். அவர் பேச்சு கொஞ்சம் நடுங்கியது. கை நடுங்கவில்லை. தாடி எடுத்த கதையை பாபா சொல்லி முடித்ததும் ஆபீசர் தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு தலையாட்டினான். சீசரின் வழுக்கைக்கு மூக்கால் சிரித்தான். ராஜேந்திர சோழனிடம் வந்ததும் படத்தைப் பார்த்தான், என் வீட்டுக்காரரைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான்.

“இவர் உன் அண்ணனா?”

“இல்லீங்க துவான். எங்க நாட்டு ராஜா. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால கப்பல்ல வந்து இந்தப் பக்கத்த ஜெயிச்சவரு.”

“ஓ. எங்களுக்கு முன்னாலேயே” என்றான். அப்புறம் காலியாக இருந்த ஆணியைக் காட்டினான். “இத்தனை பேர் இருக்கிறார்கள். நப்போரியோன் எங்கே?”

மூட்டையிலிருந்து வந்த சக்கரவர்த்தி

நான் போய்ச் சாக்கில் கையை விட்டு இழுத்தேன்.

எண்ணெய்த் துணியால் துடைத்த கண்ணாடி அல்லவா, மூன்று மாத முடியும் அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. நெப்போலியனுக்கு மார்பு வரைக்கும் தாடி. உச்சியில் ஒரு குடுமி. காதோரம் எந்தத் தாத்தாவுடையதோ நரைமுடி. பிரான்சு தேசத்துச் சக்கரவர்த்தி பழனிக்குக் காவடி எடுக்க வேண்டிக்கொண்டு வளர்த்தவர் மாதிரி இருந்தார்.

ஆபீசர் பார்த்தான். நுரை பறக்கச் சிரித்தான். நாற்காலிக் கைப்பிடியைத் தட்டித் தட்டிச் சிரித்தான். பாபா சிரிக்கலாமா என்று தெரியாமல் இருமினார்.

“ஏன் சாக்கில் போட்டாய்?”

பொய் சொல்ல எனக்கு நேரம் இல்லை. “வெள்ளைக்காரன் படம் இருக்கக் கூடாதுன்னு உத்தரவுங்க. இவருதான் இங்கிலீஷ்காரர்னு நெனச்சிட்டேன். கைய மறச்சுக்கிட்டு நின்னாரு, துவான்.”

அதற்கும் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு விரலை ஆட்டி எனக்குப் பாடம் நடத்தினான். நப்போரியோன் ஆயுள் முழுக்க இங்கிலீஷ்காரனோடு சண்டை போட்டவன். அவனைத் தோற்கடித்தவன்தான் இங்கிலீஷ்காரன். வெரிங்டன். அதைச் சொல்லும்போது சிரிப்பு நின்றுவிட்டது. “அவன் படம் இங்கே இருக்கிறதா?”

பாபா அதை மலாயில் சொல்லும்போது தொண்டையைச் செருமினார். என் வீட்டுக்காரரின் கத்தி ஆபீசரின் தாடைக்குக் கீழே நின்றுவிட்டது.

“இல்லீங்க துவான்” என்றேன்.

ஆபீசர் கையை நீட்டினான். நேராக வெலிங்டனை நோக்கி. “அப்படியானால் இது யார்? இவருக்கு மட்டும் ஏன் இவ்வளவு மாலை மரியாதை?”

“அது எங்க குலசாமிங்க” என்றேன். வாய் வந்தது பேசிவிட்டது, இனி நிறுத்த முடியாது. “சண்டைக்குப் போறவங்களுக்குத் துணை நிக்கிற சாமி. இவரக் கும்பிட்டுட்டுத்தான் எங்க ஆளுங்க கத்தியக் கையில எடுப்பாங்க.”

பாபா ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தார். அவர் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக வேறு எதையும் மொழிபெயர்த்திருக்க மாட்டார்.

ஆபீசர் அந்த மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக ஏதோ சொன்னான். அவன் ஊரிலும் மலையில் நீண்ட மூக்குச் சாமி ஒன்று இருக்கிறதாம். பழைய காலத்து வீரர்களுக்கு அதுதான் வாள் வித்தை சொல்லிக் கொடுத்ததாம். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவன் அம்மா அந்தச் சாமியிடம் கூட்டிக்கொண்டு போனாளாம்.

எழுந்து நின்றான். பாதி முகத்தில் நுரை, மீதி முகம் பளபளவென்று. வாளைப் பக்கத்தில் ஒதுக்கிக்கொண்டு, கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்து, இடுப்பு வரை வெலிங்டனுக்குக் குனிந்தான். நாங்களும் குனிந்தோம். பாபாவும் குனிந்தார். ஊரையே குனிய வைத்தவன் எங்கள் கடையில் இங்கிலீஷ்காரனுக்குக் குனிந்ததை நான் கீழ்க்கண்ணால் பார்த்தேன். சிரிப்பை அடக்க நாக்கைக் கடித்துக்கொண்டேன், ரத்தமே வந்துவிட்டது.

மீதிச் சவரம் நடந்தது. ஆபீசர் கன்னத்தைத் தடவிப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. பாபாவிடம் ஏதோ சொன்னான். பாபா பட்டியலை மடித்துவிட்டு, பையிலிருந்து முத்திரை குத்திய துணிப்பட்டை ஒன்றை எடுத்து என் வீட்டுக்காரர் கையில் கட்டினார். “நாளையிலிருந்து காலையில் முகாமுக்கு வந்து சிப்பாய்களுக்கு முடிவெட்ட வேண்டும். பட்டையைக் கழற்றாதே.”

அவர்கள் தெருமுனை தாண்டும் வரை நாங்கள் அசையவில்லை. பிறகு என் வீட்டுக்காரர் நாற்காலியில் விழுந்து சிரித்தார். நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். பீபிக் ஓடி வந்து, எதற்கென்றே தெரியாமல் எங்களோடு சேர்ந்து சிரித்தார். நடுவில் பாபா தனியாகத் திரும்பி வந்தார். தொப்பியை மறந்துவிட்டாராம். வாசலில் நின்று என்னிடம் மலாயில், “அக்கா, உங்கள் குலசாமி ஜெயித்த சண்டையைப் பற்றி நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். நல்ல மார்க்கு வாங்கினேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

புக்கிட் ரம்பாய் லோரி

அத்தோடு முடிந்திருந்தால் இது வெறும் சிரிப்புக் கதை.

சில வாரம் கழித்து ஒரு காலை. முகாமுக்கு நடந்துபோனவரை வழியிலேயே லோரியில் ஏற்றிவிட்டார்கள் என்று பீபிக் வந்து சொன்னார். பட்டையைக் காட்டியிருக்கிறார். ஏற்றிய சிப்பாய் அதைப் பார்க்கவே இல்லையாம். லோரி வடக்கே போய்விட்டது.

நான் முகாமுக்கு ஓடினேன். வாசலில் குனிந்து குனிந்து கேட்டேன். அந்த ஆபீசர் அங்கே இல்லை. திரும்பி வந்து கடை வாசற்படியில் உட்கார்ந்தேன். பீபிக் என் கையைப் பிடித்துக்கொண்டு மாரியம்மனிடம் மலாயில் பேசிக்கொண்டே இருந்தார். வெயில் ஏறியது, இறங்கியது. நான் அழவில்லை. அழுதால் அவர் வரமாட்டார் என்று ஒரு பைத்தியக்காரத்தனமான பயம்.

பொழுது சாய்கிற நேரத்தில் தெருக்கோடியில் ஒரு ஆள் நொண்டி நொண்டி வருவது தெரிந்தது. கையில் கத்திரிப் பெட்டி.

புக்கிட் ரம்பாய்ப் பக்கத்தில் லோரியை நிறுத்தி எண்ணியிருக்கிறார்கள். அங்கே நின்ற வேறொரு சிப்பாய் பட்டையில் இருந்த முத்திரையைப் படித்துவிட்டு, இவரை மட்டும் இழுத்து இறக்கி, முதுகில் ஒரு குத்துவிட்டு, போ என்று சொல்லியிருக்கிறான். அங்கிருந்து நடந்தே வந்திருக்கிறார். அந்த லோரியில் எங்கள் தெருக்காரர் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. அந்த வீட்டுப் பெண்களுக்கு முன்னால் என் சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு எத்தனையோ நாள் நடந்திருக்கிறேன்.

ஆனால் அன்று சாயங்காலம் என்னால் எதையும் மறைக்க முடியவில்லை. அவர் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்து பலகையில் உட்கார்ந்தார். பெட்டியைப் பக்கத்தில் வைத்தார்.

“பசிக்குது, புள்ள. என்ன இருக்கு?”

“மரவள்ளிக் கிழங்கு.”

“இன்னைக்கும் அதேதானா?” என்று முகத்தைச் சுளித்தார்.

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. சலித்துக்கொள்ள ஆள் வீட்டுக்கு வந்துவிட்டது. அவர் பங்குக் கிழங்கு முழுவதையும் தட்டில் கொட்டினேன். “போதும், போதும்” என்றார். என் பங்கையும் எடுத்து வைத்தேன். அவர் சலித்துக்கொண்டே சாப்பிட்டார். நான் வைத்துக்கொண்டே இருந்தேன்.